சிட்டு கேட்ட கூலி

என் நாய் சிட்டுவின் கணையத்தில் அழற்சி என்று டாக்டர் சொன்ன அன்று என் இடுப்பில் பயிற்சிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. மேசைமீது அசையாமல் நிற்பதற்குக் கூலியாகக் கொடுக்க, பொடிப்பொடியாக நறுக்கிய தின்பண்டம் அதில் இருந்தது. டாக்டர் பையைப் பார்த்தார். "இனி இது வேண்டாம், அம்மா. கொழுப்பு குறைந்த உணவு மட்டும், அளந்து, நாளுக்கு நான்கு வேளை. அதற்கு மேல் ஒரு துணுக்குகூட உள்ளே போகக் கூடாது" என்றார். வீட்டுக்கு வந்ததும் பையைக் காலி செய்து கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினேன்.

அப்போது அவளுக்கு நான்கு வயது. அதில் மூன்று ஆண்டுகள் நானும் அவளும் அந்தப் பையின் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அழைத்தால் வருவது, கயிறு விறைக்காமல் நடப்பது, பாயில் போய்ப் படுப்பது, காதில் மருந்து விடும்போது தாடையை என் முழங்காலில் வைத்திருப்பது எல்லாமே கிளிக்கர் என்ற, அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவியின் ஒலியும் ஒரு துணுக்கு உணவுமாகக் கற்றவை. அடித்தோ அதட்டியோ அவளிடம் எதையும் வாங்கியதில்லை, வாங்கவும் மாட்டேன். உணவும் போய்விட்டால் என் கையில் என்ன மிச்சம் என்ற கேள்வி பல இரவுகள் என்னைத் தூங்க விடவில்லை.

அளந்து வைத்த உணவிலிருந்தே கொஞ்சம் எடுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். சரியான கேள்வி. டாக்டரும் அதற்கு அனுமதித்தார். ஆனால் சிட்டு அந்த உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாந்தியும் வயிற்றுவலியுமாகக் கிடந்த நாட்களில் அவள் வாய்க்கு வந்த உணவு அது. 1955இல் உளவியலாளர் ஜான் கார்சியாவும் அவருடன் பணியாற்றியவர்களும் எலிகளிடம் இதைத்தான் கண்டார்கள். இனிப்பு நீரைக் குடித்த வேளையில் கதிர்வீச்சுக்கு உள்ளாகி உடல் குன்றிய எலிகள், பிறகு அந்த இனிப்பு நீரையே ஒதுக்கின. சிட்டு உடல் தேற வேண்டுமானால் அந்த உணவைச் சாப்பிட்டே ஆக வேண்டும். அதைப் பயிற்சியோடு முடிச்சுப் போட்டு இரண்டையும் அவளுக்குக் கசக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில், எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். "வா" என்பேன். வந்ததும் "என் கண்ணே, சமர்த்து!" என்று உருகித் தலையில் தட்டிக்கொடுப்பேன். ஐந்தாறு நாட்களில் ஓட்டம் நடையானது. அடுத்த வாரம் என் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிட்டாள். அன்றுதான் அவள் முகத்தை உண்மையாகப் பார்த்தேன். என் கை அவள் தலைக்கு மேல் எழும்போது காதுகள் பின்னுக்குப் போயின, கண்கள் சுருங்கின, நாக்கு ஒருமுறை மூக்கை நக்கிவிட்டு உள்ளே மறைந்தது. நான் வெகுமதி என்று நீட்டியதை அவள் அபராதமாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

வலுவூட்டல் என்ற சொல்லுக்குப் பயிற்சித் துறையில் ஒரே பொருள்தான். எதைக் கொடுத்த பிறகு அந்தச் செயல் கூடுகிறதோ அதுவே வலுவூட்டி. கொடுத்தவருடைய அன்பு எவ்வளவு, பொருளின் விலை எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. மூன்று ஆண்டுகளாக இந்த வரையறை எனக்கு மனப்பாடம். ஆனால் உணவு கையில் இருக்கும்வரை அதைச் சோதித்துப் பார்க்கும் தேவை எழவே இல்லை. உணவு ஏறக்குறைய எல்லா நாளும் வேலை செய்தது. அதனால் வெகுமதி எது என்று தீர்மானிப்பது நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். எரிக்கா ஃபியூயர்பாக்கரும் கிளைவ் வின்னும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாய்கள் வாய்ப்பாராட்டைவிடத் தடவலையே விரும்பித் தேர்ந்தெடுத்தன. வெறும் சொற்களால் பாராட்டியவரை, எதுவுமே செய்யாமல் இருந்தவரைவிட அவை பெரிதாக மதிக்கவில்லை. இன்னொரு பக்கம், கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 15 நாய்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலான நாய்களின் மூளையில் பாராட்டு எழுப்பிய எதிர்வினை, உணவு எழுப்பியதற்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு விளங்கியது இதுதான்: நாய்க்கு நாய் வேறுபடுகிறது, பாராட்டுபவர் யார் என்பதும் எப்படித் தொடுகிறார் என்பதும் முடிவை மாற்றுகின்றன. ஆக, என் வீட்டு நாயைப் பற்றி என் வீட்டு நாயிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு எளிய வழி இருக்கிறது. தரையில் உட்கார்ந்து, நாய் தானாக அருகில் வரும்போது மூன்று விநாடி மட்டும் தடவிவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். நாய் கையை மூக்கால் தள்ளினால், உடம்பைச் சாய்த்தால், இன்னும் வேண்டும் என்று பொருள். உடம்பை உதறிக்கொண்டு நகர்ந்தால் வேண்டாம் என்று பொருள். தலையில் வைத்த கைக்குச் சிட்டு ஒவ்வொரு முறையும் நகர்ந்தாள். மார்பில் வைத்த கைக்கு நின்றாள். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே விரல் நுனிகளால் சொறிந்தபோது திரும்பி நின்று, முதுகை என் கையில் முட்டக் கொடுத்தாள். நான்கு ஆண்டுகளாக என்னோடு வாழ்ந்தவளுக்கு எங்கே சொறிந்தால் இன்பம் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

அதற்கடுத்த ஒரு வாரம் எதையும் கற்பிக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, யாரும் எதுவும் கேட்காத வேளைகளில் சிட்டு என்ன செய்கிறாள் என்று எழுதினேன். காலையில் கதவு திறந்ததும் சுவரின் இடது மூலையை மோந்து பார்க்கிறாள். ஈர மண்ணை முன்னங்கால்களால் பறிக்கிறாள். காற்றில் ஓடும் சருகைத் துரத்துகிறாள். அட்டைப்பெட்டி கிடைத்தால் கிழித்துப் பரப்புகிறாள். என் செருப்பைக் கடிக்காமல் வாயில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறாள். அணில் ஏறிய மரத்தடியில் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஜன்னலருகே நாற்காலியில் ஏறித் தெருவைப் பார்க்கிறாள். வார முடிவில் 27 வரிகள் சேர்ந்தன. அவற்றைப் படித்த என் மகள், "அம்மா, இவளுக்குச் சாப்பாட்டைத் தவிர எல்லாமே பிடித்திருக்கிறதே" என்றாள்.

அந்த 27 வரிகளும் என் புதிய பயிற்சிப் பை ஆயின. இதற்கு அடிப்படையான கருத்தை உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959லேயே முன்வைத்திருந்தார். முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு முன்னால் ஒரு பின்பால் விளையாட்டு இயந்திரத்தையும் மிட்டாய் தரும் இயந்திரத்தையும் அவர் வைத்தார். விளையாட்டை அதிகம் நாடிய குழந்தைகளுக்கு, மிட்டாய் தின்றால்தான் விளையாடலாம் என்று ஏற்பாடு செய்தபோது அவர்கள் மிட்டாயைக் கூடுதலாகத் தின்றார்கள். 1962இல் எலிகளைக் கொண்டு இதை இருபுறமும் திருப்பிக் காட்டினார். தாகத்தில் இருந்த எலி, நீருக்காகச் சக்கரத்தில் ஓடியது. ஓட முடியாமல் அடைபட்டிருந்த எலி, ஓடுவதற்காக நீர் குடித்தது. உணவும் நீரும் பிறப்பிலேயே வெகுமதியாக முத்திரை குத்தப்பட்டவை என்ற எண்ணம் அங்கே உடைந்தது. அந்தக் கணத்தில் ஓர் உயிர் எதைச் செய்யத் துடிக்கிறதோ, அதைச் செய்ய விடுவதே கூலியாகிறது.

கயிறு விறைக்காமல் நடப்பதில் தொடங்கினேன். முன்பு பத்தடிக்கு ஒருமுறை என் காலருகே ஒரு துணுக்கு விழும். இப்போது மூன்று அடி தளர்ந்த கயிற்றோடு நடந்தால் "மோப்பம்!" என்று சொல்லி, அவள் போகத் துடித்த புதரையோ கம்பத்தையோ நோக்கி அவளோடு நானும் விரைவேன். இந்த விரைதல் முக்கியம். கயிற்றின் மறுமுனையில் நான் மலைபோல் நின்றால் அவள் இழுத்துத்தான் அங்கே போக வேண்டியிருக்கும். எதை வேண்டாம் என்கிறேனோ அதற்கே கூலி கொடுத்தவளாகிவிடுவேன். இருபது, முப்பது விநாடி மோந்து முடித்து அவள் தலை தூக்கியதும் நடை தொடரும். மூன்று அடி ஐந்தானது, பன்னிரண்டானது, ஒரு தெருவின் பாதியானது. இழுத்தால் நின்றுவிடுவேன், அவ்வளவுதான். முன்பு கூலியை நான் சுமந்துகொண்டு நடந்தேன். இப்போது அது வழி நெடுகிலும் கிடந்தது. அதைத் திறந்துவிடும் சொல் மட்டும் என்னிடம் இருந்தது.

அணில் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உணவு இருந்த காலத்திலேயே நான் தோற்ற இடம் அது. மரத்தின்மேல் அணில் இருக்கும்போது சிட்டுவின் மூக்கருகே எதை நீட்டினாலும் வாயில் வாங்கிக் கீழே போட்டுவிடுவாள். அவள் கண்கள் கிளையை விட்டு அகலா. பழைய காலப் பயிற்சியாளர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதியர் இதே சுவரில் முட்டிக்கொண்டு 1961இல் அதைப் பதிவு செய்தார்கள். நாணயங்களை எடுத்து உண்டியலில் போட்டால் உணவு என்று அவர்கள் பழக்கிய, ரக்கூன் என்ற அமெரிக்கக் காட்டு விலங்கு, நாளாக ஆக நாணயங்களை உண்டியலில் போடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. உணவு கைநழுவியது, ஆனாலும் தேய்த்தது. உடலுக்குள் ஊறிய விருப்பத்தோடு உணவைப் போட்டியிட வைத்தால் பல நேரங்களில் உணவு தோற்கும். அந்த விருப்பத்தையே கூலியாக்கிவிட்டால் போட்டிக்கே இடமில்லை.

பத்து மீட்டர் நீளக் கயிற்றைக் கட்டிக்கொண்டு மரத்திலிருந்து நன்றாகத் தள்ளி நின்றேன். "சிட்டு, வா!" அவள் திரும்பவில்லை. நான் இழுக்கவில்லை, அணில் வேறு மரத்துக்குத் தாவி, அவள் ஒரு கணம் மூச்சுவிட்டபோது மீண்டும் அழைத்தேன். காது திரும்பியது, பிறகு தலை. என்னை நோக்கி இரண்டே அடி எடுத்து வைத்தாள். அந்த இரண்டு அடிக்கே "போ!" என்று கத்திக்கொண்டு அவளோடு மரத்தை நோக்கி ஓடினேன். அடிமரத்தில் முன்கால்களை வைத்து நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்கவே மாட்டேன். உதவிக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல இருந்தது. அன்று நான்கு முறை செய்தோம். பதினோராம் நாள் அவள் மரத்தடியிலிருந்தே என்னிடம் ஓடி வந்து, என் முழங்காலை மூக்கால் தொட்டுவிட்டு, "போ" என்ற சொல்லுக்காக உடம்பெல்லாம் நடுங்க நின்றாள்.

பெரும்பாலான நாய்கள் அழைத்தால் வராமல் போவது இதனால்தான் என்று இப்போது நம்புகிறேன். நாம் அழைப்பதெல்லாம் விளையாட்டை முடிக்க, கயிற்றை மாட்ட, வீட்டுக்குத் திரும்ப. "வா" என்பது இன்பம் முடிந்தது என்ற அறிவிப்பாகிவிடுகிறது. நான் பத்து முறை அழைத்தால் ஒன்பது முறை திருப்பி அனுப்பிவிடுகிறேன். என்னிடம் வருவது அவளுக்கு மரத்துக்குப் போகும் வழி.

ஒரு தொழில் நுணுக்கத்தையும் இங்கே குறித்துவிடுகிறேன். கிளிக்கரின் ஒலிக்குத் தனியாக மதிப்பில்லை. அதைத் தொடர்ந்து வருவதுதான் அதற்கு மதிப்பு தருகிறது. உணவு வராத கிளிக்கர் சில நாட்களிலேயே வெற்றொலியாகத் தேயத் தொடங்கியது. எனவே அதை ஓய்வில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கூலிக்கும் ஒரு சொல் வைத்தேன். "மோப்பம்" என்றால் மோந்து பார்க்கலாம், "போ" என்றால் ஓடலாம், "பிடி" என்றால் கயிற்றிழுப்பு. சரியாகச் செய்தாய் என்பதோடு, அடுத்து என்ன வருகிறது என்பதையும் அந்தச் சொல் சொல்லிவிடும். மரத்துக்கு ஓடத் துடிப்பவளுக்கு இழுப்புக் கயிறு வந்தால் ஏமாற்றம்தானே. தெளிவாகச் சொல்லிவிட்டால் நாயின் முகத்தில் அந்தக் குழப்பம் தெரிவதில்லை.

கயிற்றிழுப்பு விளையாட்டைப் பற்றி ஓர் அச்சம் இன்னும் உலவுகிறது. நாயை வெல்லவிட்டால் அது வீட்டுக்குத் தலைவனாகிவிடும் என்பார்கள். நிக்கோலா ரூனியும் ஜான் பிராட்ஷாவும் 14 கோல்டன் ரெட்ரீவர் நாய்களோடு இதைச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். வென்றாலும் தோற்றாலும் மனிதர்மீது ஆதிக்கம் செலுத்தும் போக்கு எதுவும் கூடவில்லை. மோப்ப வேலை செய்யும் நாய்கள் பலவற்றுக்கு, தேடியதைக் கண்டுபிடித்ததற்கான கூலியே ஒரு பந்தோ சுருட்டிய துண்டோதான். இடிபாடுகளுக்கு நடுவே மணிக்கணக்கில் தேடும் நாய், முடிவில் ஒரு நிமிட இழுப்பு விளையாட்டுக்காகத் தேடுகிறது. என் சிட்டுவுக்குப் பழைய துணியில் பின்னிய கயிறு போதும். அவள் பலமுறை வெல்கிறாள். வென்றதும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் என் மடியில் கொண்டுவந்து திணிக்கிறாள், ஏனென்றால் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அது வெறும் துணி.

"விடு" என்றால் விடுவதைக் கற்பிக்கவும் தனிக் கூலி தேவைப்படவில்லை. என் கையைத் தொடையோடு ஒட்டி, மரக்கட்டைபோல அசையாமல் வைத்துக்கொள்வேன். இழுப்பு செத்துவிடும். அவள் வாயைத் திறந்த அதே நொடியில் "பிடி!" விடுவதற்கான கூலி விளையாட்டு மீண்டும் உயிர் பெறுவதுதான்.

ஆனால் இந்தக் கூலிக்கு ஒரு குறை உண்டு. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு சிட்டுவின் கண்மணி விரிந்துவிடும், மூச்சு வேகமாகும், பல் என் மணிக்கட்டைத் தொடும். அந்த நிலையில் பாயில் போய்ப் படு என்றால் படுக்கிறாள். ஆனால் வில்லில் பூட்டிய அம்புபோலப் படுக்கிறாள். நான் கேட்டது ஓய்ந்த உடம்பை. ஓடி வருவதற்கு ஓட்டமும் இழுப்பும் பொருத்தமான கூலிகள். அமைதிக்கு அமைதியான கூலி வேண்டும். உணவு அதைச் சுலபமாகச் செய்துவந்தது. பாயில் ஒரு துணுக்கை மெல்ல வைத்தால் மூக்கு கீழே போகும், தோள் தளரும். அதற்கு மாற்று கிடைக்காமல் மூன்று வாரம் அலைந்தேன். சொறிதலைக் கொடுத்துப் பார்த்தேன். பிடித்தது, ஆனால் சொறிய வைப்பதற்காக எழுந்து வந்து முதுகைக் காட்டினாள்.

விடை நோட்டில் 19ஆவது வரியாகக் காத்திருந்தது: ஜன்னல். 1953இல் ராபர்ட் பட்லர், ரீசஸ் குரங்குகளை மூடிய பெட்டிக்குள் வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு கதவுகளில் மஞ்சள், நீலம் என்று அட்டைகள். சரியான நிறமுள்ள கதவைத் தள்ளினால் 30 விநாடி வெளியே பார்க்கலாம். உணவு கிடையாது, வெறும் காட்சிதான். குரங்குகள் கற்றுக்கொண்டன, சலிக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தன. பெட்டிக்குள் அடைத்த அந்த முறை எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் வெளியே நடப்பதைக் காண்பது ஓர் உயிருக்கு எவ்வளவு பெரிய பசி என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் படிக்கவில்லை.

பாயை ஜன்னலுக்கு எதிரே போட்டேன். திரையை மூடினேன். சிட்டு பாயில் படுத்து, தாடையைத் தரையில் வைத்ததும் திரையைச் சத்தமில்லாமல் விலக்கினேன். படுத்த இடத்திலிருந்தே தெரு தெரிந்தது. ஒரு சைக்கிள் போனது, ஒரு குழந்தை தத்தித் தத்தி நடந்தது, ஒரு காகம் சுவரில் உட்கார்ந்தது. அவள் எழவில்லை. காது மட்டும் அசைந்தது. எழுந்தால் திரை மெதுவாக மூடிக்கொள்ளும், படுத்தால் திறக்கும். மூன்றாம் நாளே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. திரை மூடியிருந்தால் தானாகவே பாய்க்குப் போய்ப் படுத்து, ஆழமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள். எல்லா நாய்க்கும் இது ஒத்துவராது. தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைக்கிற நாய்க்கு ஜன்னல் கூலியாக இருக்கலாம், அமைதியாக இருக்காது. சிட்டு பார்ப்பவள், குரைப்பவள் அல்ல.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிரிமாக்கின் கருத்தைக் கேட்டதும், எதை விலையாக்க வேண்டுமோ அதை முதலில் பறித்துவிடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். நாயை நாள் முழுவதும் தனியறையில் பூட்டிவைத்து, பிறகு ஐந்து நிமிடத் தோழமையைக் கூலியாகத் தருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பயிற்சி அன்று, பட்டினி. வயிற்றைப் பட்டினி போடாமல் மனத்தைப் பட்டினி போடுகிறார்கள். சிட்டுவுக்குக் காலையிலும் மாலையிலும் ஜன்னல் இலவசம். மோப்பமும் இலவசமாக உண்டு. தினமும் ஒரு நடை முழுக்க அவள் போகும் வழியில்தான் நான் போகிறேன். பயிற்சி நடக்கும் பத்து நிமிடம் மட்டுமே திரை என் கையில்.

அதேபோல, தூரத்தைக் கூலியாகக் கொடுப்பது பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். எங்கள் வழியில் ஒரு பெரிய நாய் வரும். சிட்டுவுக்கு அதைக் கண்டால் நடுக்கம். அவள் அதைப் பார்த்துவிட்டுக் குரைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தால், உடனே திரும்பி வந்த வழியே நடந்துவிடுகிறேன். அவளுக்கு அது பெரிய ஆறுதல். திரும்பிப் பார்ப்பதும் கூடியிருக்கிறது. ஆனால் இதை, பிடித்த ஒன்றைக் கொடுத்துச் செயலைக் கூட்டும் நேர்மறை வலுவூட்டல் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பிடிக்காத ஒன்று விலகுவதால் செயல் கூடினால், அதன் பெயர் எதிர்மறை வலுவூட்டல். பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டால், அந்த அச்சம் அங்கே இருக்கிறது என்பதையே மறந்து, கூலி கொடுப்பதற்காகவே அவளை அந்த நாயின் அருகே கொண்டுபோய் நிறுத்தத் தொடங்கிவிடுவோம். அவள் நடுங்கத் தொடங்கும் முன்பே விலகுவதுதான் என் பொறுப்பு.

இதையெல்லாம் கேள்விப்பட்ட சிலர் என்னைப் பாராட்டினார்கள். "இப்போதுதான் உங்கள் நாய் உண்மையான பாசத்துக்காகச் செய்கிறது, லஞ்சத்துக்காக அல்ல" என்றார் ஒருவர். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனாலும் எனக்கு வருத்தமாக இருந்தது. உணவுக்காக வேலை செய்த சிட்டு எந்த வகையிலும் தாழ்ந்தவளாக இருக்கவில்லை. செய்த வேலைக்குக் கூலி வாங்குவது லஞ்சமாகாது. உணவைப்போல வசதியான வெகுமதி இன்னொன்று இல்லை என்பதை அது இல்லாமல் கழித்த இந்த ஆண்டுகள்தான் எனக்குச் சொல்லித்தந்தன. நொடியில் கொடுக்கலாம், நொடியில் முடிந்துவிடும், உடனே அடுத்த முறை கேட்கலாம். மரத்துக்கு ஓடிப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும்; முன்பு ஒரு நாளில் முடிந்த பாடத்துக்கு இப்போது ஒரு வாரம் ஆகிறது. வீட்டிலிருக்கும் பூனைக்கு இன்றும் உணவு கொடுத்துத்தான் கூடைக்குள் ஏறக் கற்பிக்கிறேன்.

குதிரைகளைப் பழக்கும் என் தோழியும் இதையே சொல்கிறாள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும். அந்த இடத்தில் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993லேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அவள் விரல்கள் அந்த இடத்தைத் தொட்டதும் குதிரையின் மேலுதடு நீண்டு துடிக்கத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் புதிய பாடம் என்று வரும்போது அவள் உணவைத்தான் எடுக்கிறாள். கேரல் சாங்கே குழுவினர் 2010இல், சொல் கேட்டு அசையாமல் நிற்க இளங்குதிரைகளைப் பழக்கியபோது, சொறிதல் பெற்றவற்றைவிட உணவு பெற்றவை விரைவாகக் கற்றன. "சொறிதல் கற்ற பாடத்துக்கு, உணவு கற்கும் பாடத்துக்கு" என்பது அவள் வழக்கு.

என்றாலும், உணவு இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று யாராவது சோர்ந்து கேட்டால் நான் சொல்வது பெர்லின் எலிகளின் கதை. அங்கே ஹம்போல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 சதுர மீட்டர் அறையில் எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்பித்து 2019இல் வெளியிட்டார்கள். எலி மனிதரைத் தேடும். மனிதர் எலியைத் தேடுவார். கண்டுபிடித்தால் கூலி, கையால் கிச்சுகிச்சு மூட்டிப் புரட்டி விளையாடுவது மட்டும். ஒரு துளி உணவும் கிடையாது. ஓரிரு வாரங்களில் எலிகள் கற்றுக்கொண்டன. ஒளியும்போது சத்தம் எழுப்பாமல் இருந்தன, ஊடுருவித் தெரியும் பெட்டியைவிட மறைக்கும் பெட்டியை நாடின. கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் சில சமயம் கூலி வாங்க நிற்காமல் மறுபடி ஓடி ஒளிந்துகொண்டன. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கற்பித்த செயலே கூலியாகிவிட்டது.

சிட்டுவுக்கு இப்போது ஒன்பது வயது. கணையம் அமைதியாக இருக்கிறது. உணவின்மீது அவளுக்கிருந்த வெறுப்பும் நீங்கிவிட்டது. அளந்த உணவிலிருந்து சிறிது எடுத்துப் பயிற்சிக்குக் கொடுத்தாலும் இப்போது வாங்கிக்கொள்கிறாள். வாரம் இரண்டு நாள் கொடுக்கிறேன்.

நகம் வெட்டுவது மட்டும் இன்னும் முடியவில்லை. நோயில் கிடந்தபோது கால்களைப் பிடித்துப் பிடித்து ஊசி போட்டதால், பாதத்தைத் தொட்டாலே உள்ளிழுத்துக்கொள்கிறாள். இதற்கு உணவு, சொறிதல் இரண்டையும் கொடுத்துப் பார்த்தேன். பாதம் என் கையில் தங்கவில்லை. போன மாதம் பாயை மீண்டும் ஜன்னலுக்கு எதிரே போட்டேன். பாதத்தை அவளே என் உள்ளங்கையில் வைக்கும்வரை காத்திருப்பேன். வைத்தால் ஒரு நகம், உடனே திரை திறக்கும், அவள் வேண்டுமளவு பார்ப்பாள். பாதத்தை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுவேன், அன்றைக்கு அவ்வளவுதான். மூன்று வாரம் ஒரு நகத்திலேயே நின்றோம். நேற்று இரண்டாவது நகம் முடிந்து திரை திறந்திருந்தபோதே, தெருவைப் பார்த்தபடி மறுகாலை என் கையில் வைத்தாள்.